மூன்று மாத உணவுத் தொகுப்பைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். சென்ற மாதம் புயலில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை, கடைகளும் திறக்கவில்லை. மூன்றாம் நாளே சமையலறை காலியாகிவிட்டது. அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மூன்று மாதத்துக்கான உணவுப் பொருள்களை ஒன்றாகக் கட்டி ‘அவசரகாலத் தொகுப்பு’ என்று விற்கிறார்கள். அதைக் கடன் அட்டையில் 12 மாதத் தவணையில் வாங்க நினைக்கிறேன். கணவரோ, அந்தத் தவணைப் பணத்தை மாதாமாதம் வங்கியில் போடலாம், பணம் இருந்தால் எதையும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். எங்கள் சேமிப்பு ஒரு மாதச் செலவுக்குக்கூடக் காணாது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலி டப்பாக்களைத் திறந்து பார்த்த ஒரு தாயின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். சமையலறையில் கையிருப்பு வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். தவணையில் நிச்சயமாக வாங்காதீர்கள்.

தவணையை முதலில் பார்ப்போம். அட்டைக் கடனுக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சிறிதாக இருக்கும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஓராண்டில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொன்னாலும், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி அதில் கிடைக்குமா, செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சேமிப்பே இல்லாத குடும்பம், அடுத்த 12 மாதம் சேமிக்கக்கூடிய பணத்தையும் முன்கூட்டியே ஒப்புக்கொடுத்துவிடுகிறது. நான்காம் மாதத்தில் வருமானம் நின்றுபோனால் வீட்டில் உணவு இருக்கும், எட்டுத் தவணைகளும் பாக்கி இருக்கும். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எதை வைத்துக் கட்டுவீர்கள்?

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். திருமணமான புதிதில், நான் வேலை பார்த்த நிறுவனம் இரண்டு மாதம் சம்பளம் தரவில்லை. வீட்டில் தானியமும் பருப்பும் தாராளமாக இருந்தன. இரண்டாவது வாரத்தில் சமையல் எரிவாயு தீர்ந்தது. புதிய சிலிண்டர் வாங்கப் பணம் இல்லை. மூட்டை நிறைய தானியத்துக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில்தான், உணவுக் கையிருப்பும் பணக் கையிருப்பும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது என்று எனக்குப் புரிந்தது. கடை மூடியிருக்கும்போது உங்கள் கணவர் சொல்லும் வங்கிப் பணம் உதவாது. வருமானம் நிற்கும்போது நீங்கள் சொல்லும் தொகுப்பு கொஞ்ச தூரம்தான் உதவும். இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும்.

எத்தனை நாளுக்கு? 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், 72 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கையிருப்பு வைக்கும்படி உறுப்பு நாடுகளின் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஜெர்மனியின் பேரிடர் உதவித்துறை 10 நாள் என்கிறது. உங்கள் குடும்பத்துக்கு நான் இரண்டு வாரம் என்று சொல்வேன். அதற்கு மேல் நீளும் நெருக்கடி பெரும்பாலும் வருமான நெருக்கடியாக மாறிவிடும், அங்கே பணம்தான் பேசும்.

இரண்டு வாரம் என்றால் எவ்வளவு என்று எடை போட்டுப் பாருங்கள், பயம் பாதியாகும். ஐ.நா.வின் அமைப்பான உலக உணவுத் திட்டம் பேரிடர்களில் வழங்கும் உணவுப் பங்கீடு, ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,100 கலோரி கிடைக்கும்படி கணக்கிடப்படுவது. அதன் வழக்கமான அளவில் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் இருக்கும். சத்துமாவு, சர்க்கரை, உப்பு ஆகியவை சிறிது சேரும். நான்கு பேருக்கு 14 நாளுக்குப் பெருக்கினால் தானியம் 22.4 கிலோ, பருப்பு 3.4 கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர். ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்கிவிடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மாதம் ஒருமுறை மளிகை வாங்கும் வீட்டில், வாங்கிய அன்று இந்த இருப்புக்கு மேலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் ஒன்றும் இருப்பதில்லை. புயல் உங்கள் வீட்டுக்கு மாதக் கடைசியில் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது வாங்கும் நாளை. டப்பா காலியானதும் வாங்கும் பழக்கத்தை விட்டு, பாதியானதும் வாங்குங்கள். அந்தக் கீழ்ப்பாதிதான் உங்கள் அவசரகாலத் தொகுப்பு. இதற்கு ஆகும் கூடுதல் செலவு அரை மாத மளிகை, அதுவும் ஒரே ஒரு முறை. ஆறு மாதத்தில் பிரித்துச் சேர்த்தால், மளிகைக்கு 100 செலவழிக்கும் இடத்தில் மாதம் எட்டோ ஒன்பதோ கூடும். கடன் எதற்கு?

இந்த முறையில் வீட்டில் அன்றாடம் உண்பதையே சேர்த்து வைக்கிறீர்கள் என்பதால் வீணாவதும் குறையும். தள்ளுபடிக் கணக்கில் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 100 மதிப்புள்ள பொருளை 10 சதவீதத் தள்ளுபடியில் 90-க்கு வாங்கி, அதில் பத்தில் ஒரு பங்கைப் பூச்சி அரித்தோ கெட்டுப்போயோ கொட்டினால், 90 மதிப்புள்ள பொருளுக்கு 90 கொடுத்திருக்கிறீர்கள். லாபம் எதுவும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கைக் கொட்டினால் சாதாரண விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்ததாக ஆகும். மூன்று மாதத் தொகுப்பில் உங்கள் பிள்ளைகள் தொடாத பொருள்கள் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் இருந்தால் கெடாது. வெள்ளை அரிசி காற்றுப் புகாத டப்பாவில் பல ஆண்டுகள் இருக்கும். தவிடு நீக்காத அரிசியும் முழுத்தானிய மாவும் அப்படியல்ல, அவற்றில் உள்ள எண்ணெய்ச் சத்து சில மாதங்களில் காறிவிடும். எண்ணெயும் அப்படித்தான், வெளிச்சமும் வெப்பமும் பட்டால் காறும், அதனால் பெரிய டின் ஒன்றைவிடச் சிறிய பாட்டில்கள் நல்லது. வாங்கிய தேதியை ஒட்டி வையுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால்.

தண்ணீரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குடிக்கவும் சமைக்கவும் அடிப்படைத் தூய்மைக்கும் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர் வேண்டும். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், செலவும் மிகக் குறைவு. தூய்மையில் சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள். அதற்கும் எரிபொருள் வேண்டும். எரிவாயு என்றால் மாற்றுச் சிலிண்டர் ஒன்று நிரம்பியே இருக்கட்டும். மின் அடுப்பை மட்டும் நம்பும் வீடு என்றால், சமைக்காமலே உண்ணக்கூடியவை மூன்று நாளுக்காவது இருக்க வேண்டும்.

மின்சாரம் போனால் திறக்காத குளிர்பதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம்தான் குளிர்ச்சியைக் காக்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். எனவே உறைபெட்டியில் உள்ளதைக் கையிருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் கணவருக்கு. தவணையாகக் கட்ட நினைத்த தொகையில் மளிகைக்கான அந்தச் சிறு பங்கு போக மீதி முழுவதையும் வங்கியில் தனிக்கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து மளிகைப் பங்கையும் அங்கேயே திருப்புங்கள். மூன்று மாத அத்தியாவசியச் செலவு சேரும்வரை அந்தக் கணக்கைத் தொடாதீர்கள். அதோடு ஒரு வாரச் செலவுக்கான தொகையைச் சில்லறை நோட்டுகளாக ஓர் உறையில் வீட்டிலேயே வையுங்கள். மின்சாரமும் இணையமும் இல்லாதபோது பணம் எடுக்கும் இயந்திரமும் அட்டையும் வேலை செய்யாது. திறந்திருக்கும் ஒரே கடைக்காரரிடம் பெரிய நோட்டை நீட்டினால் மீதி கொடுக்க அவரிடமும் இருக்காது.

தொகுப்பை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால், பொருள் அனுப்பப்படும் முன் இன்றே எழுத்து மூலம் ரத்து செய்யக் கேளுங்கள். பிறகு அட்டை வழங்கிய வங்கியிலும் தவணை நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பொருள் ரத்தான பின்னும் தவணை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.