செயற்கை நுண்ணறிவு படம் வரையும் காலத்தில் கிளிநொச்சி ஓவியர் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் விற்கும் பொருள் மாறும். 1839இல் டாகெரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை வந்தபின் ஐரோப்பாவில் சின்னஞ்சிறு உருவப்படங்கள் வரைந்த ஓவியர்கள் பிழைப்பை இழந்தார்கள். வன்னியில் அந்த அடியைக் கொடுத்தது அச்சடித்த பிளெக்ஸ் பனர். கடைப் பெயர்ப்பலகை எழுதிய கைகளுக்கு வேலை குறைந்தது. 2022இல் மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் வந்தன. ஓவியர்களிடம் கேட்காமலே இணையத்திலுள்ள அவர்களின் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட, படம் வரையும் மென்பொருள்கள் இவை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

சரி, என்ன செய்யலாம்? படக் கோப்பைவிடக் கையால் வரைந்த மூலப் படத்தை விற்கப் பாருங்கள். இரணைமடுக் குளத்தையோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையோ நேரில் பார்த்து வரைந்த கன்வசுக்கு, கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் தரும் மதிப்பே வேறு. வரையும்போதே கைபேசியில் காணொளி எடுத்துப் போடுங்கள். கைவேலை என்பதற்கு அது சாட்சி. அப்புறம், முற்பணம் வாங்காமல் தூரிகையைத் தொடாதீர்கள்.