புறநகரில் ஆட்களைச் சைக்கிளில் ஏற்ற ஒரு கவுன்சில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் தன் புறநகரைப் பற்றிச் சொல்கிறார். பெரிய சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தார்களாம், விழிப்புணர்வு நாளும் நடத்தினார்களாம், ஒருவரும் சைக்கிளில் வரவில்லையாம். உள்ளாட்சி வேறு என்னதான் செய்ய முடியும் என்பது கேள்வி.

நான் இருப்பது லண்டனின் வடகிழக்குப் பக்கம், வோல்தம்ஸ்டோவில். எங்கள் வோல்தம் ஃபாரஸ்ட் கவுன்சில் பத்து வருடங்களுக்கு முன்பே இதே கேள்வியில் இறங்கியது. நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதலில் கைவைக்க வேண்டியது வீட்டுத் தெருக்களில். அவற்றைக் குறுக்குவழியாக்கி ஓடும் கார்களை நிறுத்தாமல், பெரிய சாலையில் எத்தனை கோடு போட்டாலும் ஆட்கள் வரமாட்டார்கள்.

2013-ல் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன், லண்டனின் வெளிவட்டக் கவுன்சில்களுக்கென்று 10 கோடி பவுண்டு ஒதுக்கி, சைக்கிளுக்குப் பெயர்போன ஹாலந்தின் பெயரில் 'மினி ஹாலந்து' என்ற சைக்கிள் திட்டத்தை அறிவித்தார். கவுன்சில்கள் போட்டி போட்டன. 2014-ல் என்ஃபீல்ட், கிங்ஸ்டன், வோல்தம் ஃபாரஸ்ட் மூன்றும் தேர்வாயின. கிங்ஸ்டனின் திட்டத்தில் தேம்ஸ் நதியில் மிதக்கும் ஒரு சைக்கிள் பாதையும் இருந்தது. படத்தில் பார்க்க அழகுதான், ஆனால் அது கட்டப்படவே இல்லை. எங்கள் கவுன்சில் வோல்தம்ஸ்டோ வில்லேஜ் என்ற பழைய பகுதியின் தெருக்களில் தொடங்கியது.

செய்தது சின்ன வேலைதான். சில தெருமுனைகளில் இரும்புத் தூணும் பெரிய பூந்தொட்டிகளும் வைத்தார்கள். சைக்கிளும் நடப்பவர்களும் அவற்றைத் தாண்டிப் போகலாம், கார் போகாது. இதை 'தெருவை மூடிவிட்டார்கள்' என்று சொல்வது சரியில்லை. எந்த வீட்டு வாசலுக்கும் இன்றும் காரில் போகலாம், சாமான் இறக்கலாம், டாக்ஸி கூப்பிடலாம். ஒரு பெரிய சாலையிலிருந்து இன்னொரு பெரிய சாலைக்கு அந்த வீடுகளுக்கு நடுவால் பாய்ந்து போக மட்டும் முடியாது. கடைத்தெருவான ஆர்ஃபோர்ட் ரோட்டில் காலை 10 முதல் இரவு 10 வரை டபிள்யூ12 பஸ்ஸைத் தவிர வேறு மோட்டார் வாகனம் வரக் கூடாது என்றார்கள்.

இது ஏன் முக்கியம்? புறநகரில் நாம் போகும் தூரங்களை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம், மரக்கறிக் கடை, ரயில் நிலையம், கோயில். முக்கால்வாசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். திட்டம் போடுபவர்களோ நகர மையத்துக்குப் போகும் நீண்ட பாதையைத்தான் முதலில் வரைகிறார்கள். ஒரு தாய் எட்டு வயதுப் பிள்ளையுடன் வீட்டு வாசலில் சைக்கிளை வெளியே எடுக்கும்போதே, போன் காட்டிய குறுக்குவழியில் ஒரு கார் விரைந்து வந்தால், அவர் அந்த நீண்ட பாதையின் தொடக்கத்துக்கே போய்ச் சேரப் போவதில்லை.

எங்கள் சனத்துக்குச் சைக்கிள் பழக்கம் இல்லை, இதெல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் இருந்தபோது, ஊரே சைக்கிளில்தான் ஓடியது. ஆசிரியைகள் சேலையுடன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள். பெட்டைகள் கூட்டமாக ரியூஷனுக்குப் போனார்கள். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் கரியரில். அதே பெண்கள் லண்டன் வந்தபின் சைக்கிளைத் தொடவே இல்லை. ஓடத் தெரியாமலா? இங்கே ரோட்டைப் பார்த்துப் பயந்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் விழிப்புணர்வு நாள்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இலவசப் பயிற்சி நல்லது, எங்கள் கவுன்சிலும் கொடுக்கிறது, ஆனால் பயிற்சி முடித்தவர் இறங்குவதற்குப் பயமில்லாத தெரு வேண்டும்.

பெரிய சாலைக்கும் வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. லீ பிரிட்ஜ் ரோட்டில் கோட்டோடு விடாமல், கல் வைத்துப் பிரித்த தனித் தடம் போட்டார்கள். பஸ் தரிப்பிடங்களில் தடம் தரிப்பிடத்தின் பின்னால் சுற்றிப் போகிறது, அதனால் சைக்கிள்காரர் பஸ்ஸின் முன்னால் வெளியே வர வேண்டியதில்லை. (கண் தெரியாதவர்களும் முதியவர்களும் பஸ்ஸுக்காக அந்தத் தடத்தைக் கடக்க வேண்டியிருப்பது உண்மையான சிக்கல். கடக்கும் இடத்தைத் தெளிவாக அமைக்காத கவுன்சில் அவர்களின் குறையைக் கேட்டே ஆக வேண்டும்.) பக்கத்துத் தெருக்கள் பிரியும் முனைகளில் நடைபாதையை வெட்டாமல் அதே உயரத்தில் தொடர விட்டார்கள். திரும்பும் கார் வேகம் குறைத்து ஏறி இறங்க வேண்டும்.

அப்புறம் சைக்கிளை எங்கே வைப்பது? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே பழைய வரிசை வீடுகளை இரண்டு பிளாட்டாகப் பிரித்திருப்பார்கள், படிக்கட்டுக்குக் கீழே குழந்தையின் தள்ளுவண்டி வைக்கவே இடம் இருக்காது. தெருவில் பூட்டுப் போட்ட கூடுகள் வைத்தார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தைவிடக் குறைவான இடத்தில் ஆறு சைக்கிள் அடங்கும். லண்டன் முழுவதும் இந்தக் கூடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. ஆசை எவ்வளவு இருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. 2015-ல் ஆர்ஃபோர்ட் ரோடு திறப்பின்போது எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி தூக்கி வந்தார்கள். கடைக்காரர்கள் பயந்தார்கள், ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று கேட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க நான் தயாரில்லை. ஓரத்துப் பெரிய சாலைகளில் சிலவற்றில் வாகனங்கள் கூடத்தான் செய்தன. அங்கே குடியிருப்பவரும் மனிதர்தான், பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர். அந்தச் சாலைகளுக்கும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தீயணைப்பு வண்டிகளைப் பொறுத்தவரை, 2012 முதல் 2020 வரையான தரவை ஆராய்ந்தவர்கள், இந்தத் தெருக்களுக்கு அவை வந்துசேரும் நேரம் தாமதமானதற்குச் சான்று இல்லை என்று கண்டார்கள்.

கவுன்சில் பின்வாங்கவில்லை. பொறுப்பில் இருந்த துணைத் தலைவர் கிளைட் லோக்ஸ் கூட்டம் கூட்டமாக வந்த கோபத்தை நேரில் வாங்கிக்கொண்டு நின்றார். 2018 தேர்தலில் இதுவே அவர்களைக் கவிழ்க்கும் என்றார்கள். ஆளும் லேபர் கட்சி 60 இடங்களில் 46-ஐப் பிடித்தது. அதற்கு முந்தைய தேர்தலில் 44.

பலன் என்ன என்று கேட்டால், வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் ஆல்ட்ரெட்டும் சக ஆய்வாளர்களும் மினி ஹாலந்து பகுதிகளை ஒரு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். வேலைகள் அதிகம் நடந்த இடங்களில் இருப்பவர்கள், மற்ற வெளிவட்ட லண்டன்காரர்களோடு ஒப்பிட்டால், வாரத்துக்கு ஏறக்குறைய 41 நிமிடம் கூடுதலாக நடந்தும் சைக்கிளோடியும் இருந்தார்கள். அதில் பெரும்பகுதி நடை. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. சைக்கிளுக்காகச் செய்த தெரு, சைக்கிளே ஏறாத பாட்டிக்கும் பயன்படுகிறது.

உங்கள் ஊரில் அடுத்த ஆலோசனைக் கூட்டம் வைத்தால், எத்தனை கிலோமீட்டர் தடம் போடப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். எந்தெந்த வீட்டுத் தெருக்களில் வெளியூர்க் கார்கள் கடந்து போகின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா, பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கடக்க முடியாத சந்திகள் எவை என்று கேளுங்கள். தூணையும் தொட்டியையும் சோதனையாக வைத்தால், முதல் மாதக் கூச்சலில் எடுத்துவிடாமல் குறைந்தது ஒரு வருடம் விட்டுப் பார்ப்பீர்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.