தனியாகவா, ஜோடியாகவா? கச்சேரி மேடைக் கேள்விகளுக்குப் பதில்

பன்னிரண்டு வருஷம் தங்கையோடு சேர்ந்து பாடினேன். அவள் கல்யாணமாகி வெளிநாடு போனதிலிருந்து தனிக் கச்சேரிதான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில:

ரெண்டு பேர் பாடினா தொண்டைக்குப் பாதி வேலைதானே அக்கா?

ஆலாபனை (வார்த்தையில்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரு வரியைக் கற்பனையாக விரிப்பது), ஸ்வரம் (ஸரிகமவைக் கற்பனையாகப் பாடுவது) மூன்றிலும் மாற்றி மாற்றிப் பாடுவதால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். கீர்த்தனையை இருவரும் சேர்ந்தே பாடுவதால் அந்தச் சலுகை கிடையாது. ஒருத்தி ஐந்து சங்கதியோடு (ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடும் வகைகள்) நிறுத்தி, இன்னொருத்தி ஆறாவதுக்குப் போனால் சபையே நிமிர்ந்து பார்க்கும். எந்த எழுத்துக்குப் பிறகு மூச்சு எடுப்பது என்றுகூட நோட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்போம். தனியாகப் பாடும்போது அந்தக் கோடெல்லாம் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் வயலின்காரர் வாசிக்கும் நேரம் மட்டும்தான் ஓய்வு. வெந்நீர் குடிப்பதும் அப்போதுதான்.

எனக்குச் சுருதி (குரலின் அடிப்படை உயரம்) 5 கட்டை. நண்பருக்கு 1 கட்டை. சேர்ந்து முழுக் கச்சேரி பண்ணலாமா?

வேண்டாம்மா. உன் சுருதிக்கு வந்தால் ஒன்று அவர் கீழே முனகணும், இல்லை மேலே கத்தணும். அவர் சுருதிக்குப் போனால் உனக்கும் அதே கதி. சினிமா டூயட் நாலைந்து நிமிஷம். இரண்டு குரலுக்கும் தோதாக மெட்டை அமைத்துவிடுகிறார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு அது ஓடாது. பிருந்தா–முக்தா, பம்பாய் சகோதரிகள், ரஞ்சனி–காயத்ரி என்று பேர்பெற்ற ஜோடிகள் பலரும் அக்கா தங்கையாக இருப்பது சும்மா இல்லை. ஒரே சுருதி, ஒரே பாடாந்தரம் (குரு வழி வந்த பாட்டு முறை). அதற்காகக் கூடப்பிறந்தே இருக்கணும் என்றில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் அண்ணன் தம்பியே கிடையாது. அவர்களில் சிவசுப்பிரமணிய ஐயரின் அப்பா வெங்கடேச ஐயரிடம் படித்தவர் ஸ்ரீனிவாச ஐயர்.

மேடையில் சாகித்யம் (பாட்டின் வார்த்தை) மறந்துபோனால்?

ஜோடி என்றால் பக்கத்துக் குரல் சட்டென்று ஏறும், நீங்கள் ஒட்டிக்கொள்ளலாம். என் தங்கை தொடையில் கிள்ளவும் செய்வாள். தனியாக இருந்தால் வயலின்தான் துணை. நல்ல வயலின்காரர் அந்த வரியை அழுத்தி வாசித்து எடுத்துக்கொடுப்பார். மெட்டு திரும்ப வரும், வார்த்தை வராது. அந்த இடத்தில் நான் பல்லவிக்கே திரும்பியிருக்கிறேன்.

சம்பாவனை இரண்டு பேருக்கும் தனித்தனியா?

என் அனுபவத்தில் ஒரே கவர்தான். தேதி கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

ஜோடியாகப் பாடினால் ஸ்வரம் நீண்டுபோகிறதே?

போகும். ஆதி தாளத்தில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுழற்சி) என்றால் தனிக் கச்சேரியில் வயலினோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு நாலு; ஜோடிக்கு ஆறு. சீக்கிரமே குறைப்புக்கு (ஆளுக்குப் பாடும் நீளத்தைப் படிப்படியாகக் குறைப்பது) போய்விடுங்கள். கோர்வை (ஸ்வரத்தை முடிக்கும் தாளக் கணக்கு) யார் கையில் என்பதையும் வீட்டிலேயே முடிவுபண்ணுங்கள். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் மேடையில் மானம் போகும்.

தனியாகப் பாட ஆரம்பித்ததும் உங்களுக்கு எது சிரமமாக இருந்தது?

தங்கை எப்போதும் என் வலது பக்கம் உட்காருவாள். ஸ்வரம் முடித்ததும் "உன் முறை" என்று அந்தப் பக்கம் திரும்புகிற பழக்கம் போகவே இல்லை. இப்போது அங்கே மிருதங்கம். ஒரு கச்சேரியில் அந்தப் பார்வையைத் தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு, ஜாடை என்று எடுத்துக்கொண்டு மிருதங்கக்காரர் ஆரம்பித்தேவிட்டார்.