பயிற்சிக் குறைவு என்ற பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு மேலாண்மைத் தகவல் அமைப்புகள் என்ற பாடத்தை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நிறுவனங்களில் மென்பொருள் நிறுவும் பணியில் நீங்கள் நீண்டகாலம் இருந்தவர் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். பாடநூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லி அலசச் சொல்லும் பகுதி, இருக்கிறது. தேர்விலும் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு கேஸ் கேட்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் மாணவர்கள் எழுதுவது மூன்றே காரணங்கள்தான்: ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, மேல்மட்ட நிர்வாகத்தின் ஆதரவு இல்லை, திட்டமிடல் சரியில்லை. கைபேசியில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் மீதியும் வந்துவிடுகிறது. பார்த்தேயிராத அயல்நாட்டு நிறுவனங்களின் கதை அவர்களைத் தொடுவதுமில்லை. இதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் டேலி, ஒடூ போன்ற கணக்கு, நிர்வாக மென்பொருள் ஒன்றைச் செய்முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வேலைக்காவது உதவுமே என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட உதவிப் பேராசிரியர் ஒருவர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவர்கள் எழுதும் மூன்று காரணங்களும் பெரும்பாலும் சரியானவை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். எந்த நிறுவனத்தின் எந்தத் தோல்விக்கும் அவை பொருந்தும். அப்படிப் பொருந்துவதாலேயே அவை எதையும் விளக்குவதில்லை. ஆயினும் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நிறுவனம் வளர்ந்தது, மென்பொருள் வாங்கியது, நட்டப்பட்டது என்று எல்லாவற்றையும் இரண்டே பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டுத் தோல்விக்குக் காரணம் என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு அதற்குமேல் ஒரு பதிலை நானும் எழுத மாட்டேன்.

அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவார்களே, அந்த நேர்வுதான் கேஸ் என்பதற்குச் சரியான தமிழ் என்று எனக்குப் படுகிறது. வகுப்பறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் கேஸ் என்றே எழுதுகிறேன். இந்த முறை சட்டக் கல்வியிலிருந்து வந்தது. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-இல் லாங்டெல் என்பவர் நீதிமன்றத் தீர்ப்புகளையே பாடமாக வைத்து வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1908-இல் பிறந்த ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. 1961-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கப்பட்டபோது ஹார்வர்டின் ஒத்துழைப்போடு அது நம் நாட்டிலும் வேரூன்றியது. அப்படி மாற்றிக்கொண்டதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சட்ட மாணவரின் கையில் தீர்ப்பு இருக்கும். நீதிபதி அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று அவர் பின்னோக்கிப் படிக்கிறார். வணிகக் கேஸில் தீர்ப்புப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். மேலாளர் முடிவெடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளோடு அது நின்றுவிடுகிறது. நம் பாடநூல்கள் அந்தக் கிழித்த பக்கத்தைத் தேடியெடுத்து மறுபடி ஒட்டிவிட்டன.

ஒரு கேஸை எடுத்துக்கொண்டு, நான் நடத்தினால் எப்படி நடத்துவேன் என்று சொல்கிறேன். அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட், 2011 ஜனவரியில், கனடாவில் ஜெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமைகளைச் சுமார் 180 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. 2013 மார்ச்சில் முதல் கடைகளைத் திறந்து, 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 17,600 பேர் வேலையிழந்தனர். இவற்றில் குத்தகையை வாங்கியதை மட்டும்தான் முதல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வேன்.

டார்கெட் தன் அமெரிக்கக் கடைகளுக்காகப் பல ஆண்டுகளாகச் செதுக்கிய மென்பொருளை வைத்திருந்தது. ஊழியர்களுக்கு அது கைப்பழக்கமானது. ஆனால் கனடிய டாலரையும் பிரெஞ்சு எழுத்துகளையும் கையாள அதைத் திருத்தியாக வேண்டும். எஸ்.ஏ.பி. என்ற ஆயத்த நிறுவன மென்பொருள் அவற்றைக் கையாளும், ஆனால் டார்கெட்டுக்கு அதில் பழக்கமில்லை. இதற்கிடையே காலிக் கடைகளுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள். கைபேசியில் தேடி, அவர்கள் எஸ்.ஏ.பி.யை எடுத்துத் தோற்றார்கள் என்று ஒரு மாணவர் சொன்னால், அந்த ஜனவரியில் அதை எப்படி அறிந்திருப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எஸ்.ஏ.பி.யையே எடுத்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் வகுப்புக்கு நீங்கள் கடைக்குப் போக வேண்டும். ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு ஷாம்பூ புட்டி, சுருட்டிய துண்டு ஒன்று, அளவுகோல்கள் சில. மாணவர்களை நான்கு குழுக்களாக்கி, ஒவ்வொரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அட்டவணையில் நிரப்பச் சொல்லுங்கள். வேறெந்த விளக்கமும் தர வேண்டாம். பிஸ்கட் பொட்டலத்தைப் படுக்கவைத்து அளந்தால் ஒரு கணக்கு, நிறுத்திவைத்து அளந்தால் வேறு கணக்கு. துண்டுக்கு உயரம் எது என்ற சண்டை அங்கேயே தொடங்கிவிடும். அளவுகோலின் அங்குலப் பக்கத்தைப் பார்த்து எழுதிய குழுவும் ஒன்று இருக்கக்கூடும். பிறகு, கனடாவில் சுமார் 75,000 பொருள்களுக்கு இதே வேலையை, பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் ஊழியர்கள், கடை திறக்கும் நாள் நெருங்கும் அவசரத்தில் செய்தார்கள் என்று சொல்லுங்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் புகுந்தது, நீளமும் அகலமும் இடம் மாறின, சரக்கு கொள்கலனிலும் அடுக்கிலும் அடங்காமல் போனது. அமெரிக்காவில் 98, 99 சதவீதம் சரியாக இருந்த தரவு, கனடாவில் 30 சதவீத அளவுக்கே சரியாக இருந்ததாகப் பின்னர் உள்ளிருந்தவர்களே மதிப்பிட்டார்கள். உங்கள் மாணவர்கள் தங்கள் நான்கு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால், 'பயிற்சி இல்லை' என்று எழுதுவதற்கு முன்பு எதில் பயிற்சி என்று யோசிப்பார்கள்.

மூன்றாவது வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சரக்கு தீர்ந்தால் தானாக மறுகொள்முதல் ஆணை போகும் வசதியை ஒவ்வொரு பொருளுக்கும் நிறுத்திவைக்க முடியும். அப்படி நிறுத்திய பொருள் 'இருப்பில்லை' என்ற அறிக்கையில் வராது. தலைமையகத்தில் சிலர் தங்கள் பிரிவின் கணக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை நிறுத்தினார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. அடுக்கு காலியாக இருக்கிறது, அறிக்கையோ அழகாக இருக்கிறது. இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி நிறுவனத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. 'நாளைக் காலை உங்கள் பிரிவின் அறிக்கை மேலாளர் கைக்குப் போகிறது, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் அந்த வசதியை நிறுத்திவிட்டார், நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். இதற்கு எந்தத் தேடுபொறியும் உதவாது.

இது எங்கோ கனடாவில் நடந்தது என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். நான் வேலை செய்த ஒரு நூற்பாலையில் கணினி இருப்பும் கிடங்கு இருப்பும் மாதந்தோறும் கச்சிதமாக ஒத்துப்போயின, அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் ஒரு நீள நோட்டில் உண்மைக் கணக்கை எழுதிவைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கணினியை அதற்கேற்பச் சரிக்கட்டி வந்தார் என்பதை அவர் ஓய்வு பெற்ற மறுமாதம்தான் அறிந்தோம். ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டுக் கேஸைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். 48 மாதம் தேவை என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்க நினைத்து, ஹாலோவீன் பண்டிகை விற்பனைக்குச் சற்று முன்னால் ஜூலையில் புதிய கணினி அமைப்புக்கு மாறியதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். பருவகால நெரிசலில் சரக்கை வழக்கமாக எங்கெங்கே ஒதுக்கிவைப்பார்கள் என்பது ஆட்களுக்குத் தெரிந்திருந்தது, கணினியில் அந்த இடங்கள் பதியப்படவில்லை என்பதை ஓரத்தில் சொல்லிவிட்டுக் கடக்கிறார்கள். கடைகள் கேட்கும் சாக்லேட் கிடங்கில் இருந்தும் அனுப்ப முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

'பயிற்சி இல்லை' என்ற பதிலை வகுப்பிலிருந்து வெளியேற்ற ஒரே ஒரு கேஸ் போதும் என்றால், பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஹொரைசனைச் சொல்வேன். 1999 முதல் அஞ்சலகங்களில் நிறுவப்பட்ட இந்தக் கணக்கு அமைப்பு, கிளை அஞ்சலகங்களை ஒப்பந்தத்தில் நடத்திவந்தவர்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. உதவி கேட்டு அழைத்தவர்களில் பலரிடம், வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, நீங்கள்தான் சரியாக இயக்கவில்லை என்று சொல்லப்பட்டது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறைக்குப் போனார்கள். பிழை மென்பொருளிலேயே இருந்தது என்பதை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பாகச் சொன்னது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியே பெருவாரியான தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது. 'பயனாளருக்குப் பயிற்சி போதாது' என்பது அங்கே மாணவரின் விடைத்தாளில் எழுதப்பட்ட வரியாக இல்லை, நிறுவனம் தன் மென்பொருளைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வாதமாக இருந்தது. தீர்ப்பும் விசாரணைக் குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களும் பொதுவெளியில் கிடைக்கின்றன. சுருக்கத்தைத் தராமல் ஒருவரின் சாட்சியத்தில் பத்துப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் வகுப்பிலேயே வாசித்துத் தமிழில் பேசுங்கள்.

டேலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை விட வேண்டாம், முதலில் அதையே நடத்துங்கள். தன் கையால் நாற்பது வவுச்சர்களைப் பதிந்து, தேதி தவறி, இருப்பு எதிர்மறையில் போய் விழித்த மாணவருக்குத்தான் டார்கெட்டின் 75,000 பொருள்கள் என்ற எண் உறைக்கும். இரண்டு வாரம் அதற்குப் போகட்டும். பருவம் முழுவதற்கும் மூன்று கேஸ்கள் போதும், அத்தியாயத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு தேவையில்லை. தேர்வின் 15 மதிப்பெண் கேள்விக்குத் தேவையான தலைப்புகளைக் கடைசி வாரத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் சமாளித்துவிடுவார்கள்.

அயல்நாட்டுக் கேஸ்கள் தொடவில்லை என்ற உங்கள் மனக்குறையை முழுதாக ஏற்க மாட்டேன், நன்றாக நடத்தினால் அவை தொடும். உள்ளூர்க் கேஸ் என்ற பெயரில் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் மும்பை டப்பாவாலாக்களைப் புகழ்ந்து முடிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கேஸில் மாணவர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக அவர்களையே ஒரு கேஸ் எழுதச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2017-இல் குடும்ப அட்டைகள் ஸ்மார்ட் கார்டாக மாறியபின் ஒவ்வொரு ரேஷன் கடையும் ஒரு தகவல் அமைப்பின் கடைக்கோடி முனை. வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். 'கைரேகை விழலை' என்று விற்பனையாளர் சொன்ன பிறகு என்ன நடக்கிறது, சிக்னல் இல்லாதபோது பொருள் கொடுக்கிறாரா, கருவிக்குப் பக்கத்தில் ஏதாவது நோட்டு இருக்கிறதா, வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வந்ததாக யாராவது சண்டைபோடுகிறார்களா என்று மூன்று பக்கம் எழுதட்டும். எழுதியதை, விற்பனையாளர் ஏதோ ஒரு முடிவை எடுக்க வேண்டிய கணத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த குழுவிடம் கொடுக்கட்டும்.

மாதக் கடைசியில் போனால் விற்பனையாளர் ஓய்வாகப் பேசுவார், ஆனால் அவர் கருவியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வாரத்தில் அனுப்புங்கள். கடை எண்ணையும் ஆளின் பெயரையும் எழுத வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்; மாணவருக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணுக்காக விற்பனையாளர் விளக்கக் கடிதம் எழுத நேரக் கூடாது.