நாலு பெண்களுக்கு வீடு கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, அண்ணா கனடாவில், அவருடைய வீடு இங்கே புதுக்குடியிருப்பில் பூட்டிக் கிடக்கிறது. மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் கனகாலம் இருந்து இப்போது சுகமாக இருக்கும் நாலு பெண்களுக்கு அதை வாடகைக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வளவுக்காரர் “விசர் ஆக்களைக் கொண்டுவந்து வைக்கப் போறியோ” என்று சண்டைக்கு வருகிறார். என்ன செய்ய?
– வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: கொடுங்கள் தங்கச்சி. டொக்டர் துண்டு வெட்டின பிறகும் கூட்டிப்போக ஆளில்லாமல் வாட்டிலேயே வருஷக்கணக்கில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வீடும் போய், உறவும் போன நம்முடைய வன்னியில் “வீட்டுக்குப் போ” என்றால் எந்த வீட்டுக்குப் போவது?

இது புதுசும் இல்லை. சென்னையில் பானியன் என்ற அமைப்பு 2015இல் இருந்து இப்படித்தான் செய்கிறது: நாலைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, துணைக்கு ஒரு உதவியாளர், சமையலும் சந்தையும் அவர்களே.

ஆனால் வந்து கேட்டவர்களிடம் நீங்களும் கேளுங்கள். இரவில் யார் தங்குவது? கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது? (குளோசபின் என்ற மனநோய்க் குளிசை தொடங்கினவர் என்றால் முதல் 18 கிழமையும் கிழமைக்கொருதரம் இரத்தம் சோதிக்க வேணும், பஸ் ரோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.) முக்கியமாக, வாசல் திறப்பு யாருடைய கையில்? அந்தப் பெண்களின் கையில் இல்லையென்றால் அது வீடில்லை, இன்னொரு வாட்டு. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பக்கத்து வளவுக்காரரிடம் பொய் சொல்லாதீர்கள். வருத்தம் சில நேரம் திரும்பலாம், நித்திரை குறைவது, தனியே கதைப்பது என்று முன்கூட்டியே தெரியும். அப்போது யாருக்குக் கோல் எடுப்பது என்று உதவியாளரின் நம்பரை அவரிடமே கொடுங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவி நம்பரும் இருக்கிறது. அவர் பயப்படுவது அந்தப் பெண்களுக்கு, ஆனால் இப்படியானவர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதுதான் அதிகம், நாலு பெண்கள் தனியே இருக்கும் வீட்டுக்கு வேலி யாரிடமிருந்து காக்க என்று அவரையே கேட்டுப் பாருங்களேன்.

வாடகையை அண்ணாவின் சம்மதத்தோடு எழுத்தில் போடுங்கள். அப்புறம், பூட்டிக் கிடந்த வீடுதானே, அவர்கள் வர முன்னம் கிணற்றை ஒருக்கால் இறைத்துவிடுங்கள்.