கிண்டி மைனிங்கா, மதுரை ஈசிஇ-யா?

வணக்கம் ஐயா,

இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். கட்-ஆஃப் 190-ஐ ஒட்டி வருகிறது. போன வருட நிலவரத்தை வைத்துப் பார்த்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் மைனிங் (சுரங்கப் பொறியியல்) கிடைக்கலாம், மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) கிடைக்கலாம். எனக்குப் பிடித்தது எலக்ட்ரானிக்ஸ். ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகையை வைத்து ஏதாவது செய்துகொண்டே இருப்பேன். சென்னைக்குப் போகவும் பெரிய ஆசை இல்லை. ஆனால் பெரியப்பா, "கிண்டிங்கிற பேரு போதும், உள்ளே எதைப் படிச்சா என்ன" என்கிறார். மாமாவோ, "பொம்பளப் பிள்ளைய சுரங்கத்துக்குள்ள விடவே மாட்டாங்க, அப்புறம் எதுக்கு மைனிங்" என்கிறார். அப்பா என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார். பொறியியல் கலந்தாய்வுக்கான சாய்ஸ் லிஸ்டில் எதை மேலே போடுவது?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

முதலில் மாமா சொன்னதை முடித்துவிடுவோம். 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது உண்மைதான். 2019-இல் மத்திய அரசு அதைத் தளர்த்திவிட்டது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் காலை 6 முதல் மாலை 7 வரை நிலத்தடியிலும் வேலை பார்க்கலாம் என்று அப்போது அனுமதி தந்தது. மைனிங் வேண்டாம் என்றால் வேண்டாம், அதற்கு இந்தக் காரணம் மட்டும் வேண்டாம்.

இனி பெரியப்பா. அவர் சொல்வதில் பாதி சரி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. கிண்டி என்றதும் கதவைத் திறக்கும் சீனியர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். எந்தத் துறையாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்கள் கேம்பஸுக்கு வரும்போது மைனிங் மாணவிக்கும் அந்தப் பேர் உதவும். ஆனால் சிப் வடிவமைப்பு, எம்பெடட் (கருவிகளுக்குள் இயங்கும் சிறு கணினி) மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம் "ஈசிஇ, ட்ரிபிள்ஈ (மின்னியல், மின்னணுவியல்) மட்டும்" என்று போட்டுவிட்டால், கிண்டி என்ற பேரை வைத்துக்கொண்டு நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும். எம்.இ. போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வில் எந்தப் பாடத்தாளையும் எழுதலாம்தான். ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பட்டம் எந்தத் துறை என்றும் பார்க்கும்.

யாரும் பிள்ளைகளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்லூரியின் பேர் உங்களுக்கு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் நீங்கள் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். பல நிறுவனங்கள் தேர்வுக்கு உட்காரவே சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி, 10-க்கு) 7 அல்லது 7.5 கேட்கும், நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்றும் சொல்லும். பாறை இயக்கவியல், வெடிவைப்பு, சுரங்கக் காற்றோட்டம் இதெல்லாம் அருமையான பாடங்கள், பிடித்தவர்களுக்கு. பிடிக்காதவர் மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தால் பெரிய கம்பெனி வருகிற அன்று ஹாஸ்டலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பேருக்கும் பிடித்தத்துக்கும் உள்ள சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்கிறது.

"மைனிங் எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸை மைனராக, அதாவது துணைப் பாடமாகப் படிக்கலாம்" என்றும் யாராவது சொல்வார்கள். தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ-யின் மாதிரிப் பாடத்திட்டத்தில் முழுப் பட்டத்துக்கு 160 கிரெடிட், மைனருக்குக் கூடுதலாக 18 முதல் 20. அதாவது ஐந்தாறு பாடம், அதுவும் மற்ற சுமைக்கு மேல். "முதல் வருடம் முடிந்ததும் துறை மாறிக்கொள்ளலாம்" என்பவரிடம் அந்த விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு கேள்வி. ஆர்டுயினோ பிடிக்கும் என்பதும் ஈசிஇ பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. ஈசிஇ-யில் ஈயம் பற்றவைப்பது கொஞ்சம், கணக்கு மிக அதிகம். ஃபூரியர், மின்காந்தப் புலம், நிகழ்தகவு என்று போகும். ஐஐடி பேராசிரியர்களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் 'சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ்' விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டையும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை. மூன்றாவதைப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. சுரங்கக் காற்றோட்டத்துக்கும் அதே இரண்டு மணி நேரம் கொடுத்துவிடுங்கள், நியாயமாக இருக்கும்.

கல்லூரியை எடைபோட மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் வரிசை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பொறியியல் பட்டியலில் ஆராய்ச்சிக்கே 30 விழுக்காடு எடை. அது பி.இ. முதலாண்டு வகுப்பறைக்கு எவ்வளவு தூரம் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அதைவிட, என்ஐஆர்எஃப்-க்குத் தந்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். அதில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் என்ன என்று இருக்கும். ஃபிளெக்ஸில் போடும் உச்சச் சம்பளம் ஒருவருடையது. இடைநிலைச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். துறைவாரிக் கணக்கு வேண்டுமானால் பிளேஸ்மெண்ட் அலுவலகத்துக்கே போன் போடுங்கள். "எத்தனை ஆஃபர்" என்று கேட்காதீர்கள், ஒருவரே மூன்று ஆஃபர் வாங்கியிருப்பார். "ஈசிஇ-யில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை" என்று கேளுங்கள். தர அங்கீகாரத்தில் இரண்டு உண்டு: நாக் தரம் கல்லூரி முழுவதற்கும், என்பிஏ அங்கீகாரம் துறைக்குத் துறை. இரண்டாவதைப் பார்த்து, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து மதுரைதான். தியாகராஜர் 1957-இல் தொடங்கிய, அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. பட்டச் சான்றிதழை அங்கேயும் அண்ணா பல்கலைக்கழகம்தான் தருகிறது. நீங்கள் பேரை விட்டுவிட்டு ஒன்றும் போகவில்லை, கொஞ்சம் சிறிய பேருக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: பக்கம்தானே என்று தினமும் திண்டுக்கல்லிலிருந்து போய்வரத் திட்டமிடாதீர்கள். வீட்டுக்கும் திருப்பரங்குன்றத்துக்குமாகப் போக வர மூன்று, நான்கு மணி நேரம் போய்விடும். லேப் ரெக்கார்டை எப்போது எழுதுவது? ஹாஸ்டலில் இருந்து வாரக் கடைசியில் வாருங்கள்.

ஆனால் ஈசிஇ-யைத் துரத்திக்கொண்டு எவ்வளவு தூரம் இறங்குவது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துறைக்கு என்பிஏ இல்லாத, ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிற ஒரு சுயநிதிக் கல்லூரியா, கிண்டி மைனிங்கா என்று வந்தால் நான் கிண்டி பக்கம்தான் சாய்வேன். நல்ல ஆசிரியரும் நல்ல சக மாணவர்களும் இல்லாத இடத்தில் பிடித்த பாடமும் கசந்துவிடும்.

ஆகவே லிஸ்டில் கல்லூரியை மட்டும் வரிசைப்படுத்தாதீர்கள். கல்லூரியும் துறையும் சேர்ந்த ஜோடிதான் ஒரு சாய்ஸ். கிண்டி ஈசிஇ, குரோம்பேட்டை எம்ஐடி ஈசிஇ, கோவை பிஎஸ்ஜி ஈசிஇ, பிறகு மதுரை, அதற்குப் பிறகு நீங்கள் போட்ட கோடு வரை உள்ள ஈசிஇ, ட்ரிபிள்ஈ எல்லாம். அந்தக் கோட்டுக்குக் கீழே கிண்டி மைனிங். கிடைக்காததை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகும் என்பது வெறும் பயம். உங்கள் முறை வரும்போது மேலிருந்து பார்த்து, இடம் இருக்கும் முதல் சாய்ஸைத்தான் ஒதுக்குவார்கள். துறைப் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். மதுரை ஒதுக்கப்பட்டு, நீங்கள் "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள இடம் திறந்தவுடன் அது தானாக உங்களுக்கு வந்துவிடும், மதுரை வேறொருவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அதனால் பெரியப்பாவின் மனதுக்காகக் கிண்டி மைனிங்கை மதுரைக்கு மேலே ஏற்றி வைக்காதீர்கள்.