விந்தணு இல்லை என்று ரிப்போர்ட்... டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. திருமணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. ஜிம்மில் சொன்னார்கள் என்று 10 மாதம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டேன். நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் 160, எல்.எச். 0.4, எஃப்.எஸ்.எச். 0.6, புரோலாக்டின் நார்மல். ஹார்மோன் குறைவாக இருப்பதால் மறுபடி ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடவே கூடாது. உங்கள் அணுக்களை நிறுத்தியதே அந்த ஊசிதான்.

விரைக்குள் அணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் அங்கேயே சுரக்க வேண்டும். அதைச் சுரக்கச் சொல்வது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோன்; அணு உற்பத்தியைத் தூண்டுவது அதே சுரப்பியின் எஃப்.எஸ்.எச். வெளியிலிருந்து ஊசி வந்ததும், 'போதுமான அளவு இருக்கிறது' என்று பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் ஒன்றுக்கும் கீழே இருப்பது அதனால்தான். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எஃப்.எஸ்.எச். 20, 25 என்று ஏறி, விரையும் சிறுத்திருந்தால் பழுது விரையிலேயே இருக்கிறது என்று பொருள். அங்கே ஹார்மோன் மருந்தால் பெரிதாகப் பலன் இருக்காது. உங்கள் விரைக்குக் கட்டளை வரவில்லை, அவ்வளவுதான்.

ஊசியை நிறுத்தினாலே பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் அணுக்கள் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். காத்திருக்க முடியாதவர்களுக்கு எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும் ஹெச்.சி.ஜி. ஊசி உண்டு. வழக்கமாக 1,500 முதல் 3,000 யூனிட், வாரம் மூன்று முறை. கூடவே, பிட்யூட்டரியைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை 25 மி.கி. தினமும் தருவதுண்டு. பெண்களுக்குக் கருமுட்டை வளரத் தரும் அதே மாத்திரைதான். மருந்துக்கடையில் சந்தேகமாகப் பார்த்தால் பதற வேண்டாம். பார்வை மங்கினாலோ கண்முன் ஒளி மின்னினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கி நான்கிலிருந்து ஆறு வாரத்தில், காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ட்ராடையாலும் (பெண் ஹார்மோன்; ஆண்களுக்கும் கொஞ்சம் இருக்கும்) பாருங்கள். ஹெச்.சி.ஜி.யால் எஸ்ட்ராடையால் ஏறி மார்பு வலித்தால், டோஸைக் குறைப்பார்கள் அல்லது அதைக் குறைக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரை 1 மி.கி. சேர்ப்பார்கள். விந்துப் பரிசோதனைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஓர் அணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். ஒரே மாதத்தில் பார்த்து, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பாதியில் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டுக் கொடுங்கள். அப்போதும் அணு இல்லையென்றால் எஃப்.எஸ்.எச். ஊசி, 75 முதல் 150 யூனிட், வாரம் மூன்று முறை சேர்க்கப்படும். இது விலை கூடியது. அதனால்தான் முதலிலேயே தொடங்குவதில்லை.

இந்த அளவுகளைப் பார்த்து நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்ட்டையோ எண்டோகிரைனாலஜிஸ்ட்டையோ (ஹார்மோன் மருத்துவர்) பாருங்கள். ஜிம் ஊசிக்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அப்போதே எல்.எச். குறைவு என்றால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். ஜிம்மில் தந்த பவுடர், மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். மனைவிக்கும் இப்போதே பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். உங்கள் சிகிச்சை முடியட்டும் என்று அவரைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.